துணைப் பதிவாளர் அறையில் ஒரு வரிசை

காலடிப்பேட்டையில் இருந்த பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் பெண்கள் கழிவறையின் குழாய் உடைந்து, கதவில் பூட்டுத் தொங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அங்கே வேலை பார்த்த பெண்கள் அவசரத்துக்கு ரோட்டைத் தாண்டி மளிகைக்கடை சீனியம்மாள் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். சீனியம்மாள் நல்ல மனுஷிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கால் கிலோ பருப்பாவது வாங்காமல் திரும்ப முடியாது.

விடைத்தாள் பிரிவு உதவியாளர் செங்கொடி, ஊழியர் சங்கச் செயலாளர் அசோகனிடம் போய் நின்றாள்.

"மனு குட்த்துக்கீறோம்மா. அடுத்த வாரம் வாயில் கூட்டம் போட்றோம்" என்றார் அவர்.

"கூட்டம் வாயிலோட நின்னுடும்ணா. எங்க அவசரம் நிக்குமா?"

அசோகனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "செயற்குழு கூடட்டும்" என்றார்.

மறுநாள் செங்கொடி சங்கத்து பேட்ஜைச் சேலையில் குத்திக்கொண்டு துணைப் பதிவாளர் சாலமோன் அறைக்குள் போனாள். மாடியில் இருந்த அந்த அறைக்குள்ளேயே அவருக்கு மட்டும் தனி பாத்ரூம். அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"வணக்கம் சார். பாத்ரூம் போய்ட்டு வந்துட்றேன்."

சாலமோன் வாயைத் திறப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவள் வெளியே வந்ததும் தட்டச்சர் ஜெமிமா சோப்பு டப்பாவோடு நுழைந்தாள். அடுத்து வந்த ரமாபாய்க்கு இன்னும் சில மாதங்களில் ஓய்வு. அதிகாரிகளுக்குப் பக்கத்திலேயே சோபாவில் சாய்ந்துகொண்டார். "முட்டி வலி சார். நீங்க பேசுங்க, நான் காது குடுக்கல."

வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டது. யாரும் ஒரு கோஷம்கூடப் போடவில்லை.

"என்னம்மா, வரிசையா வந்துக்கிட்டே இருக்கீய?" சாலமோனுக்கு வியர்த்துவிட்டது.

செங்கொடி அதிகாரிகள் பக்கம் திரும்பினாள். "சாரு தங்கமான மன்சன் மேடம். எங்க பாத்ரூம் பூட்டிக்கீதுன்னு தன்னோடத வுட்டுக் குட்த்துட்டாரு."

ஆமாம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா? சாலமோன் தண்ணீர் குடித்தார். வந்திருந்த பெண் அதிகாரி கைப்பையை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "காலையில கிளம்பினதும்மா. நானும் நிக்கலாமா?"

"தாராளமா மேடம்" என்று இடம் விட்டாள் ஜெமிமா.

அந்த நேரத்தில்தான் அசோகன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "செங்கொடி, இது தீர்மானத்துலயே இல்லியேம்மா!"

"இப்போ போட்டுக்கோங்கண்ணா. வரிசைய மட்டும் கலைச்சுடாதீங்க."

அசோகன் வரிசையில் நின்ற மேடத்தைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சாலமோனிடம் போனார். "சங்கத்தோட கோரிக்கை இதான் சார். குழாய், தண்ணி, தெனமும் கழுவ ஆளு. இன்னைக்கே எழுத்துல வேணும்."

சாலமோன் போனை எடுத்துப் பொறியாளரிடம் கத்தினார்: "என் ரூமை எனக்குத் திருப்பிக் குடுங்கய்யா!"

சாயங்காலமே பிளம்பர் வந்தார். மறுநாள் தண்ணீர் வந்தது.

மாதக் கூட்டத்தில் அசோகன், "சங்கத்தின் இடைவிடாத போராட்டத்தால்" என்று ஆரம்பித்தார். பெண்கள் சிரித்த சிரிப்பில் மீதியைச் சொல்ல முடியாமல் அவரும் சிரித்துவிட்டார். அந்தக் கூட்டத்திலேயே செங்கொடியைத் துணைச் செயலாளராக்கினார்கள்.

"அடுத்து கேன்டீன் டீயப் பத்திப் பேசணும்" என்றாள் அவள். கேன்டீன்காரர் அன்றைக்கே பாலை மாற்றிவிட்டதாகக் கேள்வி.