கைக்கு வராத யோயோ

விழாவுக்கு இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை மாலை. உக்கடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பச்சை நிற பிளாஸ்டிக் யோயோ ஒன்று வாங்கி, கடை வாசலிலேயே கீழே வீசிப் பார்த்தேன். மூன்றாவது வீச்சில் அது ஏறி வந்து உள்ளங்கையில் விழுந்தது.

கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். இது எங்கள் கம்பெனியில் அலுமினியத்தில் கடைந்தது. பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு அழகு. வீசினேன். கீழே போய் நின்று சுழன்றது. விரலால் சுண்டினேன். சுழன்றது. இன்னும் பலமாகச் சுண்டினேன். மேலே வரவே இல்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, சூப்பரா சுத்துதே என்று பாராட்டினார்.

அப்போதுதான் தெரிந்தது. என் கையில் கோளாறு இல்லை. அப்படியென்றால் சென்னியப்பன் ஐயாவின் கையிலும் இல்லை.

ஐயா எங்கள் முதலாளி. கணபதியில், மோட்டார் பம்புக்கு வேண்டிய ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் செய்யும் சிறிய கம்பெனி. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அங்கே தரப் பரிசோதனைக்குச் சேர்ந்தேன். அளந்து எழுதுவதுதான் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

ஜனவரியில் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். பேச்சும் நடையும் சீக்கிரம் சரியாகிவிட்டன. வலது கை மட்டும் பின்தங்கியது. அதற்கு முன்பெல்லாம் எந்த வேலை ஆரம்பித்தாலும் முதல் பீஸை அவரே தன் மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் மெஷின் தொடர்ந்து ஓடும். நோய்க்குப் பிறகு மெஷின்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். கண்ணாடி அறையில் உட்கார்ந்து ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மணிக்கட்டுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு ஏதாவது விளையாடுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். அதே வாரம் ஈரோட்டிலிருந்து பேத்தி பூஜிதா போன் செய்தபோது, ஜூன் மாதத்தில் யோயோவுக்கென்றே ஒரு நாள் இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறாள். வருடா வருடம் பள்ளி திறக்கும் சமயத்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நோட்டுப் புத்தகம் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். இந்த வருடம் யோயோவும் சேர்த்து என்று ஐயா முடிவு செய்தார். வாங்குவது இல்லை, நாமே செய்வது. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஐயாவுக்கும் போக ஒன்று மீதம் வருகிற மாதிரி அறுபது என்று கணக்குப் போட்டார்கள். அலுமினியம் அறுபதுக்குத்தான் இருந்தது.

வின்ஸ்டன் அண்ணன்தான் உற்பத்தியைப் பார்க்கிறவர். மீதமான அலுமினியத் துண்டுகளைக் கடைந்து, நடுவில் ஒரு சின்ன பேரிங் வைத்து, அதிலிருந்த கிரீஸையும் பெட்ரோலில் கழுவி எடுத்தார். யாருடைய யோயோ அதிக நேரம் சுழல்கிறது என்று ஒரு போட்டி இருந்தது. அதற்காக. சுழலும் நேரத்தை நான் அளந்தேன். எல்லாமே பிரமாதம்.

எங்கள் ஊரில் ஒரு பொருள் உராயாமல் சுழன்றால் அது நல்ல பொருள். ஆனால் யோயோவுக்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும். கயிறு எங்கேயாவது பிடித்தால்தான் அது மேலே ஏறும். உராய்வைக் குறைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நானும் சுழல்கிறதா என்று பார்த்தேனே தவிர, திரும்பி வருகிறதா என்று பார்க்கவில்லை.

முதல் பீஸில் 'செ' என்று எழுத்து வெட்டி ஐயாவிடம் கொடுத்தார்கள். டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் வீசினார். கீழே போய் நின்றது. சிரித்துக்கொண்டே இடது கையால் சுற்றினார். மறுபடி வீசினார். உடனே ஆளாளுக்கு ஒன்றை எடுத்து வீசிப் பார்த்து, எங்களுக்கும் வரலைங்க ஐயா, பழகோணும் போல இருக்குதுங்க என்றார்கள். உண்மையில் யாருக்கும் வரவில்லைதான். அவரவர் கைதான் மோசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐயா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என் மேசைக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். போன திங்கட்கிழமை வின்ஸ்டன் அண்ணனிடம் அவர் பேசியது முழுதும் காதில் விழுந்தது.

"எல்லாரும் வரலை வரலைங்கறாங்க. என்ற மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாங்க. நல்ல புள்ளைங்க." பிறகு, "சனிக்கிழமை மேடையில போட்டுப் பாக்கறேனுங்க தம்பி. வந்துச்சுன்னா திங்கக்கிழமை பழையபடி மெஷின்கிட்ட வாரேன். வரலைன்னா அங்கயே மைக்குல சொல்லீட்டு மாப்பிள்ளைகிட்டச் சாவியைக் குடுத்துப்போடறேன். முதல் பீஸைப் பாக்க முடியாத கையை வெச்சுக்கிட்டு எடத்தை அடைச்சு உக்காந்திருக்கறது மரியாதை இல்லீங்க."



வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று இரண்டு யோயோவையும் மாற்றி மாற்றி வீசினேன். அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நீ வேலைக்குப் போறியா, எல்.கே.ஜி.க்குப் போறியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மாவிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

ஐயாவிடம் நான் இதுவரை மொத்தமாகவே நாலைந்து வாக்கியம்தான் பேசியிருப்பேன். அதிலும் பாதி, சரிங்க ஐயா. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை வின்ஸ்டன் அண்ணனிடம் போனேன். பேசுவதற்குப் பதிலாக இரண்டையும் வீசிக் காட்டினேன். பச்சை ஏறி வந்தது. அலுமினியம் நின்று சுழன்றது. பேரிங்கைத் தொட்டுக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போனது.

ஜனவரியிலிருந்து பழைய வேலைகளைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், ஐயா பார்க்காமல் தானே செய்த முதல் புதுப் பொருள் இதுதான் என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை வருடம் அவர் முதல் பீஸைப் பார்க்காமல் ஒரு புது வாஷர்கூடச் செய்ததில்லை, முதல் முறையே இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால் எந்த முகத்தோடு எதிரே நிற்பது என்று கேட்டார். பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"சத்தமில்லாமச் சரி பண்ணிப்போடலாம் அம்மணி. நாளைக்கு ஐயா கையில வந்துருச்சுன்னா முடிஞ்சுது. யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை பாரு."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பேச வேண்டியதில்லை.

ஸ்டோரில் ரப்பர் ஷீட் இருந்தது. வளையம் வளையமாக வெட்டி, கயிறு சுற்றும் இடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டினோம். பேரிங்கில் கெட்டியான கிரீஸ் கொஞ்சம் வைத்தோம். சுழலும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சுண்டினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியது. வீசி வீசிப் பார்த்ததில் எனக்கு நடுவிரலில் கயிறு தடம் பதிந்துவிட்டது. மாலைக்குள் ஐம்பத்தொன்பது முடிந்தது.

மீதி ஒன்று ஐயாவின் சட்டைப் பையில் இருந்தது. பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வின்ஸ்டன் அண்ணன் கேட்டுப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பினார். இதிலேயே கை பழகிவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நாளை மேடை ஏறுவதற்கு முன்னால் எப்படியாவது மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை மெஷின்களைத் தார்ப்பாயால் மூடி, தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். மரப் பலகைகளை அடுக்கி மேடை. பேக்கரியிலிருந்து வந்த கேக் இரண்டு வட்டங்களாக, நடுவில் கிரீம் வைத்து, பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கயிறும் தொங்க, யோயோ மாதிரியே இருந்தது. நான் மேடை ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். போட்டிகளுக்கு நேரம் பார்ப்பது என் பொறுப்பு. மைக் பூஜிதாவின் கையில்.

முதலில் கயிறு. ஒவ்வொரு பிள்ளையும் யோயோவைத் தரையில் விட்டு, தொப்புள் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி விரலுக்கு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். தாராபுரத்திலிருந்து பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்த ஒரு குண்டுப் பையனின் தொப்புள் எங்கே என்று தேடுவதில் கொஞ்ச நேரம் போனது. அடுத்து, வட்டமாக வெட்டிய காகிதத்தில் வண்ணம் தீட்டி யோயோவின் இரண்டு பக்கமும் ஒட்டினார்கள். நீலமும் மஞ்சளும் தீட்டியவர்கள் அது சுழலும்போது வேறு நிறமாகத் தெரிவதைப் பார்த்து மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். தரையில் உருட்டி நாய்க்குட்டி மாதிரி இழுத்துப் போகும் ஓட்டப் பந்தயம் ஒன்று. வரிசையாக நின்று ஒருவர் யோயோ கைக்கு வந்ததும் அடுத்தவர் வீசும் தொடர் ஆட்டம் ஒன்று. முதலில் பாதி பேருக்கு வரவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் வந்தது. வரும்போது உள்ளங்கையில் டப் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் ஷெட் முழுக்க அந்தச் சத்தம்தான்.

ஐயா முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு குறைந்தது. ஒரு ஒன்றாம் வகுப்புப் பெண் அவர் முன்னாலேயே நின்று ஏழெட்டு முறை விடாமல் எடுத்தாள். அவர் எழுந்து, மூடி வைத்திருந்த லேத்துக்குப் பின்னால் போனார். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. பையிலிருந்து எடுத்து வீசினார். சுண்டினார். நின்று சுழன்றது. இடது கையால் சுற்றி மறுபடி வீசினார்.

நாங்கள் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமைவரை யாருக்குமே வரவில்லை. இன்று அவரைத் தவிர எல்லோருக்கும் வருகிறது.

வின்ஸ்டன் அண்ணன் ஒரு யோயோவை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, இதுல போட்டுப் பாருங்க."

ஐயா அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "ஏனுங்க தம்பி, சுலபமா வர்ற மாதிரி எனக்குத் தனியா ஒண்ணு செஞ்சுட்டு வந்தீங்களா?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க ஐயா."

"சின்னப் புள்ளைக்கெல்லாம் வருது. நீங்க அத்தனை பேரும் வரலை வரலைன்னு எதுக்குச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதா?" கோபம் இல்லை. தோளைத் தட்டிவிட்டு, தன் யோயோவைக் கையில் வைத்தபடியே மேடைப் பக்கம் நடந்தார். பூஜிதா மைக்கில், அடுத்து என் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.



நான் வேகமாக நடந்து மேடைப் படியருகே ஐயாவுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நின்றார். உங்க கை நல்லாத்தான் இருக்குதுங்க என்ற வாக்கியத்தை இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது உதவாது என்று தெரிந்தது. அதைத்தான் ஜனவரியிலிருந்து எல்லோரும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் ஆறுதலுக்காகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"ஐயா, உங்க பீஸ் ரிஜெக்ட்டுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சுற்றிலும் டப் டப் என்று சத்தம். அவர் என் பக்கம் குனிந்தார்.

"என்ன அம்மணி? சத்தமாச் சொல்லு."

பூஜிதா பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினார்கள். வின்ஸ்டன் அண்ணன் தூரத்தில் நின்று வேண்டாம் என்று தலையசைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"அறுபதையுமே தப்பாத்தானுங்க செஞ்சிருந்தோம்" என்றேன். "நான்தானுங்க செக் பண்ணினேன், எனக்கும் தெரியலை. நேத்து அம்பத்தொம்பதைச் சரி பண்ணிப்போட்டோம். உங்க கையில இருக்கறது ஒண்ணுதானுங்க பாக்கி. அது மேல ஏறாதுங்க ஐயா. என் கைக்கும் வராதுங்க, யாரு கைக்கும் வராதுங்க."

ஐயா தன் யோயோவை என் கையில் வைத்துவிட்டு, தூரத்தில் நின்ற வின்ஸ்டன் அண்ணனைப் பார்த்து வலது கையை நீட்டி, "அதைக் கொண்டாங்க தம்பி, நானே பாத்துடறேன்" என்றார்.