ஏணி பிடித்தவர்

அகராதிக்காரர் என்று தெருவே அழைக்கும் அந்த மனிதரை ஒரு சொல் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. ‘பிடி’. தொழில்வாரியாக அதன் பொருள்களைத் தொகுப்பது அவர் வேலை. அகராதி அலுவலகத்தில் ஒரு விதி: தொழிலில் இருப்பவர் வேலை நடுவே தானாகச் சொன்னால்தான் கணக்கு. கேட்டு வாங்கினால் செல்லாது. விதியை எழுதிய புண்ணியவான் நாற்காலியை விட்டு எழுந்ததே கிடையாது.

ஆகவே இவர் அலைந்தார். தைக்க ஒன்றும் கொடுக்காமலே தையற்கடையில் பழியாய்க் கிடந்து, “இடுப்புல கொஞ்சம் பிடிச்சுடலாம்” என்பதை அள்ளிக்கொண்டு வந்தார். “பூச்சு பிடிக்கல” என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டபோது இவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. உணவகச் சமையற்கட்டில் “அடி பிடிச்சிடுச்சு!” என்று அலறல் எழுந்ததும் கை தட்டிவிட்டார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

பரணைச் சுத்தம் செய்ய மனைவி ஒருநாள் ஏணியில் ஏறினாள்.

“கெட்டியாப் பிடிச்சுக்கோங்க” என்றாள்.

பிடித்துக்கொண்டுதான் இருந்தார். எதிர்ப் பட்டறையில் மெக்கானிக், “பிரேக் பிடிக்கல!” என்று கத்தினான். காதில் செருகிய பென்சிலை உருவியபடி இவர் தெருவுக்குப் பாய்ந்தார். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் தடாலென்று சத்தம்.

கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு கிடந்தவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. கட்டுப் பிரித்த அன்று வாயைத் திறந்தாள்.

“ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. அவர்கூடப் போறேன். அங்க என்னைத் தாங்க ஆளிருக்கு.”

“எப்பத் திரும்பி வருவே?”

“பார்க்கலாம்.”

‘பார்க்கலாம்’ என்பதற்கு உள்ள பொருள்கள் அத்தனையும் அகராதிக்காரருக்கு அத்துப்படி. ஒன்றுகூட நல்லதாக இல்லை.

சனிக்கிழமை, நடக்கப் பழக்கும் பிசியோதெரபி அம்மா வந்தார்.

“சார், இடுப்பச் சுத்திப் பிடிச்சுக்கோங்க.”

“அவர் வேண்டாம். எனக்குச் சுவரே போதும்” என்றாள் மனைவி.

“சுவர் உங்ககூட நடந்து வராதேம்மா.”

வேறு வழியில்லாமல் சம்மதித்தாள். இருவரும் அடிமேல் அடி வைத்துக் கூடத்தின் நடுவுக்கு வந்தார்கள். குனிந்து காலை அமுக்கிப் பார்த்த பிசியோதெரபி அம்மா தன்பாட்டுக்குச் சொன்னார்: “கெண்டைக்கால் நல்லாப் பிடிச்சிருக்கு.”

மருத்துவத் துறை! அந்த ஒன்றுக்காகத்தான் ‘பிடி’ உள்ள பக்கமே அச்சுக்குப் போகாமல் கிடந்தது. மனைவியின் உடம்பு விறைத்தது. இப்போது கையை எடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“எழுதலையா?” என்றாள், கண்ணைத் திறந்து.

“நீ விழுந்துடுவே.”

“மறந்துடுவீங்க.”

“மறந்தா மறந்துபோகட்டும்.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவர் காதிலிருந்த பென்சிலை உருவி, அவருடைய சட்டை மார்பிலேயே ‘கெண்டைக்கால் பிடிச்சிருக்கு’ என்று எழுதி, யார் சொன்னது என்பதையும் கீழே குறித்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு விதி தெரியாதா?

“அண்ணனுக்குப் போன் பண்ணணும். நாளைக்கு வர வேண்டாம்னு.”

அகராதிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மேஜைமேல் இருந்த போனை நோக்கி ஒரு கை பறந்தது.

“ஐயோ, விட்டுடாதீங்க!” என்று அவள் அலறினாள். “போனை இவங்க எடுத்துத் தருவாங்க. நீங்க பிடிங்க.”