எட்டாவது கிளிக்

பல் டாக்டர் ஏழாவது தடவையாக என் மெக்கானிக் கடைக்கு வந்தபோது நான் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பளபளவென்று துடைத்த அந்தப் பழுப்பு ஷூவைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மூச்சுக் காட்டாமல் கிடந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன். ஷூ நகரவில்லை. பக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம் வந்து இறங்கியது.

நான்கு மாதமாக இதே கதை. அவரிடம் இருப்பது இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதற்குப் புது சஸ்பென்ஷன் போட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா, ஷாக் அப்சார்பரோடு செட்டாக மாற்றலாமா, காற்றில் வேலை செய்கிற வகையைப் போடலாமா என்று இணையத்தில் யார் யாரோ எழுதியதையெல்லாம் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வருவார். திங்கட்கிழமை ஒன்று சொல்வார், வியாழக்கிழமை போனில் அதையே மாற்றுவார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற மனிதருக்கு ஒரு ஸ்பிரிங்கில் இத்தனை தயக்கம்.

“வண்டி கொஞ்சம் கீழ இறங்கணும். ஆனா மெத்தை மாதிரி போகணும்.”

“சார், ரெண்டும் ஒண்ணா நடக்காது. இறக்கினா ஸ்பிரிங் ஆட இடம் கம்மி. விறைப்பாத்தான் வைக்கணும். யார் உட்காரப் போறாங்க, நீங்க மட்டும்தானே?”

“நான்தான்,” என்றார் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

கடைசியில் நானே முடிவு கட்டினேன். ஷாக்கின் தலையில் குமிழ் வைத்த செட். வலப்பக்கம் திருகினால் விறைப்பு, இடப்பக்கம் திருகினால் இளக்கம், திருகுகிற ஒவ்வொரு படிக்கும் ஒரு கிளிக், மொத்தம் முப்பத்திரண்டு கிளிக். பிடிக்கவில்லையென்றால் திருகிக்கொள்ளட்டும், என் உயிரை வாங்காமல் இருந்தால் சரி. மாட்டுகிற அன்று போன் செய்தார். மூன்று நாள் ஆராய்ச்சி முடிந்ததாம். “எட்டுல வைங்க.” எட்டில் வைத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் சிவப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு டாக்ஸி. அதிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கியது டாக்டரின் மனைவி. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார்.

“நீங்கதான் எட்டுல வச்சவரா?”

“ஆமாம்மா. சார் சொன்னதுதான்.”

“முதுகுல ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு நேத்துதான் அதுல ஏறினேன். தெருமுனை வேகத்தடையில உயிர் போய் உயிர் வந்துச்சு. இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். நான் ஏற முடியாத வண்டி எதுக்குன்னு இவர் ஞாயித்துக்கிழமை அதை விக்கப் போறாராம். கல்யாணமான வருஷம் வாங்கின வண்டி.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “சார், நாலு மாசம்! நாப்பது பக்கம் காகிதம்! இவங்களுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“இவளுக்குத் தெரியாம செஞ்சு, திடீர்னு கூட்டிட்டுப் போகலாம்னு…”

“என்கிட்ட சொன்னா இவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

டாக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

“அது கிடக்கட்டும்,” என்றார் அந்த அம்மா. அவர் கணக்கு டீச்சர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். “முப்பத்திரண்டுல எட்டுன்னா இளக்கமாத்தானே இருக்கணும்? நீங்க எந்தப் பக்கத்துல இருந்து எண்ணினீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித்தான் எண்ணுவோம். டாக்டர் எண்ணியது இளகின முனையிலிருந்து. இத்தனை வருஷத் தொழிலில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லையென்று அவரைக் காய்ச்சியெடுத்த நான்தான் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த அம்மாவின் முதுகை உடைக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை அந்த ஷூவுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“தப்பு என்னுதும்மா.”

டாக்டர் உடனே காகிதக் கட்டைப் பிரித்தார். “அப்படின்னா பன்னிரண்டுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்…”

“சும்மா இருங்க,” என்றோம் நானும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில்.

நான்கு குமிழையும் இளகின முனைக்குக் கொண்டுபோய், வாய்விட்டு எண்ணி, எட்டில் நிறுத்தினேன். அந்த அம்மாவும் கூடவே எண்ணினார். பிறகு கூரையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வண்டிக்குள் உட்கார்ந்தார். டாக்டர் வண்டியை எடுத்தார். கடை வாசலிலேயே ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதில் ஏறுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. கடையில் நின்ற ஒரு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து சக்கரங்கள் மட்டும்தான் தெரிந்தன. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. வண்டி நின்றது. இடப்பக்கக் கதவு திறந்து, செருப்புப் போட்ட ஒரு கால் தரையைத் தொட்டது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னும் ரெண்டு கிளிக்,” என்றது அந்த அம்மாவின் குரல்.

“எந்தப் பக்கம்மா?” என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது கால் மறுபடி உள்ளே போயிருந்தது. கதவு மட்டும், நான் வந்து திருகக் காத்திருப்பதுபோல், திறந்தே இருந்தது.