செங்கலில் ஒரு தூள்

1

அண்ணன் இன்றைக்குத் தோசைக்காக வரவில்லை. தோசைக்காக வரும் நாளில் காரைச் சாலையோரம் எப்படியோ சொருகிவிட்டு, இறங்கும்போதே 'ரெண்டு போடு' என்று விரலைக் காட்டுவான். இன்றைக்கு நேராக நிறுத்துகிறான். கண்ணாடியை ஏற்றுகிறான். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறான். கேட்கத்தான் வருகிறான். எதைக் கேட்பான் என்றும் எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பான் என்பதுதான் தெரியவில்லை.

(பிரிசில்லா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள், அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் சாலமோன் காரிலிருந்து அவளது தள்ளுவண்டிக்கு வர இருபது அடி நடக்க வேண்டும். அதற்குள் நான் உங்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அவன் மெதுவாகவே நடக்கட்டும்.)

2

ஒத்துக்கொள்கிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மகளிர் குழு இருக்கிறது. 'கையில் கொஞ்சமாகப் பணம் வைத்திருப்பவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்டு எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், உங்களுக்குத்தான் எழுத வருமே' என்று கேட்டார்கள். எழுத வரும். மியூச்சுவல் ஃபண்டு வராது. என் பெயரிலும் ஒன்று இருக்கிறது. கணவர் காட்டிய இடத்தில் பதினோரு வருடங்களுக்கு முன் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அதை நான் திறந்து பார்த்ததில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தேன்.

மியூச்சுவல் ஃபண்டு என்பது பலருடைய பணத்தைத் திரட்டி, ஒரு நிபுணரின் மேற்பார்வையில் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும்

இங்கே நிறுத்திவிட்டேன். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாவது முயற்சி:

அன்புச் சகோதரிகளே, சிறு துளி

இதற்கு வெட்கப்பட்டு நிறுத்தினேன்.

அந்த வாரம் அக்கா மகனைப் பார்க்கச் சிறுசேரி போனேன். மென்பொருள் பூங்காவின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தள்ளுவண்டி. ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். திரையில் ஏதோ ஒரு எண்ணைப் பார்த்தாள். யாருக்கும் காட்டாத ஒரு சிரிப்பு வந்து போனது. போனைத் துடைத்துப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். பொங்கல் நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் என் கற்பனை, பிரிசில்லா என்ற பெயர் உட்பட.

3

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஊர் தையூர்ப் பக்கம். (கணவர் கேளம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நல்ல மனிதர். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. அவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.) திவ்யா என்று ஒரு மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள்.

ஒன்பது வருடங்களாக இந்த வண்டி. முதல் இரண்டு வருடம் விடியற்காலையில் வண்டியைத் தள்ளிவந்து கொடுத்தவன் சாலமோன். மேட்டில் அவளால் தனியாகத் திருப்ப முடியாது. ஐந்து மணிக்கு வந்து தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் கம்பெனி ஆட்களை ஏற்றும் காரை எடுக்கப் போவான். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. இதை நீங்கள் மறக்கக் கூடாது. அவளும் மறக்கவில்லை. அதுதான் சிக்கல்.

அவளுக்கு வேண்டியது ஒரு கடை. சாலையின் எதிர்ப்பக்கம் அருணகிரி என்பவரின் கட்டடத்தில் ஷட்டர் போட்ட சின்ன அறை. இப்போது அதில் இருக்கும் போன் கடை அடுத்த பொங்கலோடு காலி செய்கிறது. அட்வான்ஸ் கொடுத்தால் அவளுக்கு. மேலே 'பிரிசில்லா நாஸ்தா' என்று போர்டு. சாலை வேலை என்றும் பெரிய மனிதர் வருகிறார் என்றும் யாரும் அவளைத் தள்ளிப் போகச் சொல்ல முடியாத ஓர் இடம். அதற்காகத்தான் மாதாமாதம் அவள் போனில் அந்த எண்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இட்லி விற்கும் ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும் என்றால் வாசகர் நம்புவாரா? ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். பிறகு அந்தக் கேள்விக்குறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்பதை மட்டும் வாசகர் உடனே நம்பிவிடுவார், நானும் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டேன். கேள்விக்குறியை அழித்துவிட்டேன்.)

சாலமோன் ஏழாவது அடியில் இருக்கிறான்.

4

அவளுக்குச் சொன்னது கவியா, மென்பொருள் பூங்காவின் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்யும் பெண். தினமும் இரண்டு இட்லி, சாம்பார் தனியாக. பிரிசில்லாவின் பான் கார்டையும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வண்டிமேல் பரப்பி, போனில் பதிந்துகொண்டே பேசினாள்.

"பெரிய அண்டாவுல சாம்பார் வைக்கிற மாதிரிக்கா. ஆளுக்குக் கொஞ்சம் பருப்பு போடுறாங்க. ஒருத்தர் அஞ்சு கிலோ, நீங்க ஒரு கை. சமைக்கிறதுக்கு ஒரு ஆள். கடைசியில அவங்கவங்க போட்ட அளவுக்குக் கரண்டி. அந்தக் கரண்டிதான் யூனிட்டு."

"சமைக்கிறவனுக்குக் கூலி?"

"உண்டு. எல்லார் பங்குலேர்ந்தும் கொஞ்சம் எடுத்துக்குவாங்க."

"சாம்பார் நல்லா இல்லன்னா?"

"அப்பவும் உண்டுக்கா."

பிரிசில்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னா கண்ணு இது! என் சாம்பார் நல்லா இல்லன்னா நீ துட்டு குடுப்பியா?"

கவியா சிரித்தாள். "கூலி கம்மியா ஒரு வகை இருக்கு. அந்த ஆளுக்குக் கைப்பக்குவம் எல்லாம் கெடையாது. நாட்டுல இருக்கற பெரிய கம்பெனி அம்பதோட லிஸ்ட்ட வச்சிக்கிட்டு, அதுல என்ன இருக்கோ அதையே வாங்கிப் போடுவாரு. அவ்ளோதான்."

"அவன போடு. ரொம்ப தெரிஞ்சவன் வேணாம்."

மாதம் ஐந்நூறு ரூபாய். ஏழாம் தேதி வங்கியிலிருந்து தானாகப் போகும். ஃபண்டின் அன்றைய விலைக்கு எவ்வளவு யூனிட் வருமோ அவ்வளவு அவள் பெயரில் சேரும். முதல் முறை குறுஞ்செய்தி வந்தபோது யூனிட் எண்ணிக்கையில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருந்தது. முழுதாக வாங்க முடியாதவர்களுக்குத் துண்டும் தருகிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் கவியா. பிரிசில்லா அந்த மூன்று இலக்கங்களையும் மனப்பாடம் செய்தாள். திவ்யாவின் பிறந்த தேதியைத் தவிர அவள் மனப்பாடமாக வைத்திருந்த எண் அது ஒன்றுதான்.

5

இனி அவள் செய்த தப்பு. இதை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். பெருமையாகச் சொல்ல வந்த கதை அல்லவா.

தள்ளுவண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தரை மணிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. வெயிலில் பொங்கி அடுக்குப் பாத்திரத்தின் வாயைத் தொட்டுவிடும், பிறகு புளித்த வாடை. பத்தேகாலுக்குமேல் யார் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். யோசித்து நின்றவள் சாக்கடையில்தான் ஊற்றியிருக்கிறாள்.

பதினோரு மாதம் போட்டிருந்தாள். ஒரு ஜூன் மாதம் போனில் அந்த எண் இறங்கிச் சிவப்பானது. மறுநாளும் சிவப்பு. அடுத்த நாளும். ஐந்தாம் நாள் பிரிசில்லாவுக்கு அந்த வாடை அடித்தது. கவியா விடுப்பில் இருந்தாள். கேட்க ஆள் இல்லை. மொத்தத்தையும் விற்றுவிட்டாள். போட்டதைவிட அறுநூறு ரூபாய் குறைவாக வங்கிக்கு வந்தது. அறுபது இட்லி.

"ஏங்க்கா வித்தீங்க?" என்றாள் திரும்பி வந்த கவியா.

"பத்தரை ஆயிட்ச்சுன்னு நெனச்சேன் கண்ணு."

கவியாவுக்கு அது புரியச் சற்று நேரம் ஆனது. "அது மாவு இல்லக்கா. உங்க யூனிட்டு ஒண்ணுகூடக் கொறையல. அன்னிக்கு வெலைதான் கொறஞ்சுது. வுட்டிருந்தா அந்த மாச ஐந்நூறுக்கு யூனிட்டு அதிகமா வந்திருக்கும்."

பிரிசில்லா வண்டியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அப்ப அது அரிசி. வெச்சிருக்கலாம்."

"வெச்சிருக்கலாம். ஆனா ஏறியே தீரும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்கக்கா."

"அரிசிலயும் வண்டு வெக்கும். அது தெரியும். அடுத்த மாசம் வேணும்ங்கற காச இதுல போடக் கூடாது. அதானே?"

(விளம்பரங்களின் கடைசியில் மூச்சுவிடாமல் ஓடும் எச்சரிக்கை வாக்கியத்தை இதைவிட நிதானமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.)

மூன்று மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை யாரும் அவளுக்குப் பதிந்து கொடுக்கவில்லை. அவளே செய்தாள். அடுத்த வருடம் ஐந்நூறை ஆயிரமாக்கினாள். அதையும் அவளே.

6

எனக்குப் பிடித்த பகுதி இது. சாலமோன் பன்னிரண்டாவது அடியில் ஒரு நிமிடம் நிற்கட்டும்.

அந்த ஐம்பது கம்பெனிகளின் பட்டியலைத் திவ்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும், போனில் வாசித்துக் காட்டினாள். அதில் ஒன்று கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனி. பிரிசில்லா மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை காவலாளி கலைவாணன் வழக்கம்போல வந்தான். "அக்கா, மஞ்சக் கோட்டத் தாண்டிட்ட. பின்னாடி தள்ளு."

"ஏம்ப்பா, தெனம் தொரத்துறியே, உள்ள எனக்கும் பங்கு கீது தெரியுமா?"

"அப்டியா! எத்தினியாவது மாடி?"

"மாடி இல்ல. ஒரு செங்கல்."

"செங்கல்லாம் ரொம்பப் பெருசுக்கா."

"சரி, அந்தச் செங்கல்ல ஒரு தூளு. அந்தத் தூளாண்ட நிக்கறேன். நீ போய் வேலையப் பாரு."

கலைவாணன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்று மட்டும் வண்டி கோட்டைத் தாண்டியே நின்றது. மறுநாள் தள்ளச் சொன்னான், தள்ளினாள். அதனால் என்ன.

அவளுடைய அம்மா மேரி முப்பது வருடம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். (இதற்குப் பிறகு, உங்களை அழவைக்கும் என்று நினைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். பிரிசில்லா அதைப் படித்தால் சிரிப்பாள் என்று தோன்றியது. அடித்துவிட்டேன்.)

7

வந்துவிட்டான்.

"இன்னா பிரிசி, கூட்டமே காணோம்?"

"மணி பத்தாவுதுண்ணா. ரெண்டு போடவா?"

"வாணாம். நாஸ்தா ஆயிட்ச்சு."

ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு கரண்டி மாவை ஊற்றித் தேய்த்தாள்.

"எங்க ஓனர் வண்டியக் குடுத்துர்றாராம். இதே வண்டிதான். எனக்குன்னா வெலையக் கொறச்சிக்கறாரு. மிச்சத்துக்கு லோன் கீது. வர்ற வெள்ளிக்குள்ள முன்பணம் குடுக்கணும்." எதிர்ப்பக்கக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அந்த மியூச்சுவல் இன்னமோ வெச்சிகினு கீறியே. அது எறங்கிகினே போவுதாம். வண்டில வர்ற சாருங்கல்லாம் பேஜாராயிட்டாங்க. இன்னிக்கு விக்கப் போட்டா ரெண்டு மூணு நாள்ல அக்கவுண்டுக்கு வந்துருமாம்ல? நீ மாவ புளிக்க வுடுவியா? அத மாரி நெனச்சிக்கோ."

அவள் தோசையைச் சுற்றி எண்ணெய் விட்டாள்.

"சொந்த வண்டி பிரிசி. நம்ம வூட்ல யாருக்கு கீது?"

8

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கொடுக்கிறாள். கார் நன்றாக ஓடுகிறது. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் அதில் மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள். ஷட்டர் அறையில் வேறு யாரோ ஜூஸ் கடை போடுகிறார்கள். பிரிசில்லா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இன்னொன்று: கொடுக்கிறாள். சாலமோன் தவணை கட்டாமல் காரைப் பறிகொடுக்கிறான். இதை உடனே கிழித்தேன். அவள் பக்கம் நியாயம் என்று காட்ட அவனைக் கெட்டவனாக்க வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து வண்டி தள்ளியவனை அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. பாதி. பாதி அண்ணனுக்கு, பாதி கடைக்கு. நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், இத்தனை வருடம் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்தும் இருக்கிறேன். போனை எடுத்து அவள் கையில் கொடுத்து 'பாதியை விற்க எண்ணி அவள்' என்று எழுதி

எழுதி முடிக்கவில்லை. அவள் போனைப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

9

தோசையைத் திருப்பினாள். தட்டில் வைத்தாள். அவனுக்குப் பிடித்த காரச் சட்னியை ஓரமாக ஊற்றினாள்.

"மேட்டுல நீ வண்டி தள்ளுனத நான் மறக்கலண்ணா. திவ்யாவும் மறக்க மாட்டா. கார் வந்தாலும் வர்லன்னாலும் நாஸ்தாவுக்கு நீ எங்கயும் காசு குடுக்கக் கூடாது. ஆனா அத எடுக்க மாட்டேன்."

"எறங்குது பிரிசி."

"எறங்கட்டும். அது மாவு இல்ல."

சாலமோன் தட்டைப் பார்த்தான். கோபமா வருத்தமா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. "எவ்ளோதான் கீது அதுல? அதயாச்சும் சொல்லு."

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

தட்டை அவன் வாங்கினானா, வெள்ளிக்கிழமைக்குள் பணம் புரட்டினானா என்பதை உங்களிடம் விடுகிறேன். அவனை எனக்குத் தெரிந்த அளவுக்கு இப்போது உங்களுக்கும் தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகளிர் குழுவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அண்ணன் காதில் விழாமல் கேட்டேன். இவ்வளவு எழுதிவிட்டேன், தொகையை மட்டும் சொல், நான் ஓர் ஓரமாக எழுதிக்கொள்கிறேன்.

பிரிசில்லா அடுக்கைச் சாய்த்துக் கடைசி மாவை வழித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குத் தூரத்திலிருந்து நான் பார்த்த அதே சிரிப்பு.

"அது வாணாம்மா," என்றாள்.