பின்னங்காலில் தெரிந்த பாட்டன்

பந்தயத் திடலில் மைக் பிடித்துக் குதிரை ஓட்டத்தை வர்ணிப்பது என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் என்னை ‘மைக்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் தும்மினால் ஆற்றுக்கு அக்கரையில் கதவைச் சாத்துவார்கள். அதனால் நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் இந்தக் கதையில் குமட்டுகிற இடம் எதையும் கழித்துவிடாதீர்கள். அதெல்லாம் அப்படியே நடந்தது.

என் அக்கா மகள் ஒரு குதிரைப் பண்ணையில் குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். பண்ணை முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் வம்சாவளி. சொந்தப் பேரன்களின் பெயரைக் குழப்புவார். எந்தப் பந்தயக் குதிரையின் ஏழு தலைமுறையைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அன்றைக்கு அவர் தன் புதுக் குட்டியைப் பெரிய மனிதர்களுக்குக் காட்டப் போகிறார், பழைய ஓட்டம் ஒன்றை நான் என் குரலில் வர்ணிக்க வேண்டும் என்று அழைப்பு. கேக் உண்டு என்றார்கள். போனேன்.

கொட்டிலுக்குள் நுழைந்தால் அக்கா மகள் மூக்கு சிவக்க நின்றுகொண்டிருந்தாள்.

“என்னடி, சளியா?”

“சாயங்காலம் லாரி வருது மாமா.”

விஷயம் இதுதான். புதுக் குட்டியின் தாயை, அடுத்த குட்டிக்காகக் கடல் தாண்டி ஒரு பொலிகுதிரையிடம் அனுப்பிவிட்டார்கள். இந்த உயர்ந்த இனத்தில் ஊசி போட்டுச் சினையாக்கினால் குட்டியைப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். பெண் நேரில் போயே ஆக வேண்டும். பச்சைக்குட்டியைக் கப்பலேற்ற முடியுமா? அதனால் வண்டி இழுக்கிற சாதியில் குட்டி போட்ட ஒரு குதிரையைப் பால் கொடுக்கப் பிடித்து வந்தார்கள். அப்போது அதன் சொந்தக் குட்டி? அது தோல் கிடங்குக்கு. அதற்குத்தான் லாரி.

“நானே வளக்கறேன்னு கேட்டேன் மாமா. ‘என் கொட்டில்ல வண்டிமாட்டு ரத்தம் நின்னா வர்றவன் என்னம்மா நினைப்பான்’னு சொல்லிட்டார்.”

நான் தடுப்புப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

பால்குதிரை அடுத்தவள் குட்டியைச் சேர்க்காது, உதைக்கும். அதற்கு மோப்பம்தான் கண். அதனால் சொந்தக் குட்டியின் சாக்குப் போர்வையை, மூத்திர நாற்றத்தோடு, வந்த குட்டிக்குப் போர்த்திவிடுவது பண்ணை வழக்கம். அக்கா மகளும் அப்படித்தான் செய்திருந்தாள். அரச வம்சத்துப் பிள்ளை நாறும் சாக்கைப் போர்த்துக்கொண்டு, பால்குதிரையின் மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. போர்வை பறிபோன குட்டி பக்கத்து அறையில் வெடவெடவென்று நடுங்கியது. அதன்மேல் அவள் எதைப் போட்டிருந்தாள் தெரியுமா? புதுக் குட்டிக்கென்று பண்ணை முத்திரை பதித்துத் தைத்த சரிகைப் போர்வையை.

“அதுதான் சும்மா கிடந்துச்சு. போறவரைக்குமாவது குளிராம நிக்கட்டும்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் காலணிச் சத்தம். முதலாளி, அவருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட பழைய பயிற்சியாளர், அவர்களுக்குப் பின்னால் வாசனைத் தைலம் பூசிய ஒரு கூட்டம். முதலாளி குட்டியைப் பிறந்த அன்று படத்தில் பார்த்ததோடு சரி. நேராகச் சரிகையிடம் போனார்.

“இவன்தான்!”

அக்கா மகள் வாயைத் திறந்தாள். “அய்யா, அது வந்து—”

“நீ சும்மா இரும்மா, பெரியவங்க பேசறோம்ல.”

நான் அவள் காலை மிதித்தேன். கொஞ்சம் பலமாகவே மிதித்துவிட்டேன்.

புதுக் குட்டியின் அப்பன் வெண்கலக்கோட்டை, முதலாளியின் குதிரை. அம்மாவின் அப்பன் இடியோசை, பயிற்சியாளர் பழக்கிய குதிரை. இரண்டில் எது பெரிது என்று இவர்கள் இருவரும் வாழ்நாள் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். இப்போது தீர்ப்பு சொல்ல ஒரு குட்டி கிடைத்துவிட்டது.

“பின்னங்காலைப் பாருங்க. என் வெண்கலக்கோட்டையை உரிச்சு வச்சிருக்கு.”

“யோவ், எலும்பு கனத்தைப் பாரும்யா! இடியோசைக்குத்தான் இப்படி இருந்துச்சு. பாட்டன் அப்படியே நிக்கிறான்!”

கனமில்லாமல் எப்படி இருக்கும்? வண்டி வண்டியாகக் கல் இழுத்த பரம்பரை. குளம்புக்கு மேலே வண்டிக்குதிரை மயிர் துடைப்பம் மாதிரி தொங்கியது. “மழை ஓட்டத்துக்குன்னே வந்த மயிர்” என்றார் பயிற்சியாளர். பின்னால் நின்ற கூட்டம் தலையாட்டியது.

“ஓட்டம் பழக்கத்துல வரும்னு சில முட்டாளுங்க சொல்றாங்க” என்றார் முதலாளி. “எல்லாம் ரத்தம். பிறப்பு. அவ்வளவுதான்.”

“உம்ம குதிரைக்கு ரத்தம் இருந்துச்சு, கால் இருந்துச்சா? என்னுது கடைசித் திருப்பத்துல தூக்கும் பாரும்!”

“மைக் சார், ரெண்டும் மோதின அந்தக் கோப்பை ஓட்டத்தைச் சொல்லுங்க. யாரு ஜெயிச்சா?” என்றார் முதலாளி.

சொன்னேன். கூரைத் தகரம் அதிர, புறாக்கள் பறக்க, வெண்கலக்கோட்டை மூக்கை நீட்டி ஜெயிப்பதுவரை சொன்னேன். இடியோசைமேல் உட்கார்ந்தவனின் சேணவார் அறுந்து அவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்ததை மட்டும் சொல்லவில்லை. கேக்கை இன்னும் வெட்டவில்லையே.

முதலாளி இரண்டு விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டார். ஈறைத் தடவினார், நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரலில் எச்சில் நூலாக வழிந்தது. அதே விரலால், அப்போதுதான் வெட்டிக் கொண்டுவந்த தட்டிலிருந்து கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “தாய்ப்பால் வாசம், ஆகா!” என்றார். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. எனக்குக் கேக் ஆசை அந்த நிமிடத்தோடு போயிற்று.

அப்போதுதான் அவர் பக்கத்து அறையைப் பார்த்தார்.

“அந்தச் சனியன் ஏன் இன்னும் குடிக்குது? என் குட்டிக்கான பாலும்மா அது! மூஞ்சியைப் பாரு, ஈனப் பிறவின்னு எழுதி ஒட்டியிருக்கு.” நேரத்துக்கு முன்னாலேயே வாசலில் வந்து நின்றிருந்த லாரியைப் பார்த்துக் கத்தினார். “லாரிக்காரரே! சாயங்காலம்வரைக்கும் எதுக்கு, இப்பவே ஏத்துங்க. சாக்கு போத்தினதை!”

லாரிக்காரர் கயிற்றோடு வந்தார். உலகத்திலேயே விலை உயர்ந்த கழுத்தில் சுருக்கைப் போட்டு இழுத்தார். பால்குதிரை பலகையை உதைத்துக் கனைத்தது. அது தன் குட்டி என்றே நம்பியிருந்தது, பாவம். எனக்கோ வயிற்றுக்குள் சிரிப்பு பொங்கியது. போகட்டும், ரத்தம் தோல் கிடங்குக்கே போகட்டும் என்று நின்றேன்.

அக்கா மகள் என்னைப் போல் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கண்ணே. அய்யா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க.”

தீவன மூட்டைகளின் ஓரத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொல்வதைக் கேட்பதில் நான் கெட்டிக்காரன். முதலாளியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது.

“அப்போ… அதை அவுத்து விடு. இதை ஏத்து.”

“ஏத்தலாம். ஆனா அவங்க ஏன்னு கேப்பாங்களே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா? இல்ல, மாமா மைக்ல சொல்லட்டுமா?”

நான் தொண்டையைச் செருமினேன். இரண்டு புறா பறந்தது.

அங்கே பயிற்சியாளர் சரிகைக் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “கண்ணைப் பாருங்க, இடியோசை கண்ணு, எனக்கு அழுகையே வருது” என்று கூட்டத்திடம் உருகிக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

“லாரி சும்மா போகட்டும்.”

“ரெண்டுக்கும் பால் பத்தாதுங்க. பால்பொடி வேணும்.”

“வாங்கித் தொலை.”

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி நெஞ்சைத் தடவிக்கொண்டார். “வாயில்லா ஜீவன். மனசு கேக்கல. இங்கேயே இருந்துட்டுப் போகட்டும்.” எல்லோரும் கை தட்டினார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாக்கடையில் விழுந்து எழுந்தால்கூட எனக்கு அப்படி உடம்பு கூசியிருக்காது.

போகும்போது அவர் என்னிடம் அந்த எச்சில் கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“கெட்டிக்காரப் பொண்ணு” என்றார் பல்லைக் கடித்தபடி. “உங்க அக்கா மகளாமே. அதானே பார்த்தேன், ரத்தம் பேசுது.”

அவள் என் அக்கா வயிற்றில் பிறந்தவள்தான். என் அப்பாவின் மூக்கு அவள் முகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

“தத்துப்பிள்ளைங்க” என்றேன். “எங்கேயோ கிடந்தது. யாரு பெத்ததோ!”

அவள் என் இடுப்பில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

மறுநாள் போர்வைகளை மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் பயிற்சியாளர் தன் பாட்டனைப் பார்க்க மறுபடியும் வந்திருக்கிறார். சரிகைக்குள் நின்ற அசல் அரச வம்சத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்னம்மா தீனி போடறீங்க, குதிரைக்களையே போயிடுச்சே” என்று திட்டிவிட்டுப் போனாராம்.