முளைத்த தலையணை

லாவண்யா ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கட்டைப் பைக்குள்ளிருந்து தலையணையை எடுத்து நீட்டியபோது ஃபெபிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தலையணை முளைத்திருந்தது. வெள்ளைத் துணியின் இழைகளைப் பிளந்துகொண்டு, கடுகுச் செடிகள் பச்சைப் பசேலென்று வெளியே எட்டிப் பார்த்தன.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா," என்றாள் லாவண்யா. "பாப்பா பால் கக்கிடுச்சு. பக்கெட்ல ஊற வெச்சு, பிழிஞ்சு, பாத்ரூம் கொடில போட்டேன். அப்பால மறந்தே பூட்டேன். தூக்கமே கெடையாதுக்கா, என் பேரே எனக்கு மறந்து பூடுது. இன்னிக்குப் பாத்தா இப்டி கீது. எதனா கெட்டதாக்கா?"

"கெட்டதெல்லாம் இல்லம்மா. கடுகுக்குத் தண்ணி காட்னா அது மொளைக்காம இன்னா பண்ணும்?"

பாரிவாக்கத்துப் புது அடுக்குமாடியில் கைக்குழந்தையோடு தனியாக மல்லாடுகிற பெண். அவளை உட்காரவைத்து, மோர் கொடுத்து, வேறு தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள் ஃபெபி. முளைத்த தலையணையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்து, இருக்கிற புத்தியும் போய்விட்டதா என்று தன்னையே கேட்டபடி கொஞ்சம் தண்ணீரும் தெளித்தாள்.

பச்சைக் குழந்தையின் தலை உருண்டையாக வரக் கடுகு அடைத்த குட்டித் தலையணை வைப்பார்கள் இல்லையா, அதைத் தைத்துக் கொடுப்பதுதான் ஃபெபியின் தொழில். கடைத் துணி பிஞ்சுத் தலைக்கு உறுத்தும். அதனால் குழந்தை பிறந்த வீட்டிலிருந்தே, துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்குவாள். கடுகைக் காயவைத்து, முறத்தில் புடைத்து, உள்ளே போட்டு, நாலு பக்கமும் கையாலேயே மூடித் தைத்துவிடுவாள். ஆவடி முதல் பூந்தமல்லி வரைக்கும் உள்ள குழந்தைகளில் பாதி தன் பெண்டாட்டி தலையணையில்தான் தூங்குகின்றன என்று ரூபஸ் தான் வேலை பார்க்கிற டாங்கி ஃபேக்டரியில் பீற்றிக்கொள்வான். கட்டியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பிள்ளை பிறந்த பிறகுதான் ஆர்டர். யார் குழந்தைக்கு என்று தெரியாமல் ஒன்றுகூடத் தைத்து அலமாரியில் வைத்ததில்லை. பிறப்பதற்கு முன்னால் குழந்தைச் சாமான் சேர்ப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஆகாது. கோயிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான், சர்ச்சுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். ஃபெபி ஒரு தடவை அதை மீறினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஆசை தாங்காமல் அதற்கு ஒன்று தைத்துவிட்டாள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. தலையணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியும். தெரிந்து என்ன செய்ய? மனசு கேட்டால்தானே.

இப்போது மறுபடி ஏழு மாதம். "இந்த தபா ஒண்ணும் தச்சு வெக்காத, ஃபெபி," என்று மாமியார் ஹில்டா சொல்லியிருந்தாள். அதட்டியிருந்தால் ஒருவேளை எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஹில்டா கெஞ்சினாள். ஃபெபி சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் பாயில் சாய்ந்தபடி தலையணையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துத் தாய்மார்கள் துவைக்கத்தான் துவைப்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கடுகைத் தனியே எடுக்கிற மாதிரி வேண்டும். ஜிப் வைத்தால் கீறும். பொத்தான் வாய்க்குள் போய்விடும். நாடா கழுத்தில் சுற்றும். ஜிப், பொத்தான், நாடா என்று எண்ணிக்கொண்டே போனதில் கண் சொருகியது. கர்ப்பிணியின் தூக்கம் கேட்டுக்கொண்டா வருகிறது?

கனவில் அவர்கள் குடியிருக்கிற ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கக் கடுகு பூத்திருந்தது. வீடுகள் இல்லை, சுவர்கள் இல்லை, எங்கே பார்த்தாலும் மஞ்சள். பூக்களுக்கு அடியில் அங்கங்கே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் ஃபேக்டரி டாங்கி ஒன்று வந்தது. குழந்தைகள் எழுந்துவிடுமே என்று அவள் பதறுவதற்குள், அது சத்தமே போடாமல், பூ ஒன்றுகூட நசுங்காமல், ஒவ்வொரு குழந்தையாகச் சுற்றிச் சுற்றி வளைந்து போனது. அது போன தடம் வளைவு வளைவாகத் தெரிந்தது. அப்படி ஒரு வளைவுக்குள் ஒரு குழந்தை தலை வைத்துப் படுத்திருந்தது. அது யாருடையது என்று குனிந்து பார்க்கப் போனபோது மின்சார ரயில் கூவி எழுப்பிவிட்டது.

விழித்தபோது தன் கையையே மடித்துத் தலைக்கு வைத்திருப்பதைக் கண்டாள். முழங்கை மடிப்பு. எல்லாக் குழந்தையும் முதலில் தலை வைப்பது அங்கேதானே. கடுகைக் குழல் மாதிரி நீளமான ஒரு பைக்குள் அடைத்து, இரண்டு முனையையும் மூடி, அதைக் கை மடிப்பு மாதிரி வளைத்து ஓர் உறைக்குள் நுழைத்துவிட்டால் போதும். உறையின் பின்பக்கத் துணி இரண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால் ஜிப்பும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். குழலை உருவிவிட்டு உறையை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் துவைக்கலாம். சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. முதலில் ஒன்று தைத்துப் பார்த்தாக வேண்டும். சாம்பிள் என்று பெயர் வைத்தாலும், அது பிள்ளை இல்லாத தலையணை. பிறக்காத பிள்ளை இருக்கிற வீட்டில், பிள்ளை இல்லாத தலையணை. புதுத் துணியில் தைத்தால் அதன் விறைப்பில் வளைவு சரியாகத் தெரியாது. பழைய வேட்டி என்று பார்த்தால் வீட்டில் இருந்தது ரூபஸுடைய பச்சைக் கரை வேட்டி ஒன்றுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலும் கையுமாக, பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. பிறகு வெட்டினாள்.

தைத்ததை வைத்துப் பார்க்கத் தலைக்கு எங்கே போவது? கடைத்தெருவில் கிர்ணிப் பழம் குவிந்து கிடக்கிற நாள். கைக்கு அடக்கமாக ஒன்று வாங்கி வந்து, தலையணையில் படுக்கவைத்தாள். இது பழத்தின் தலையணை, வேறு யாருடையதும் இல்லை என்று தனக்கும் மேலே இருக்கிறவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த ரூபஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். "இன்னா ஃபெபி, பழம் கண்ணு சொக்கிகினு கீது?"

"மெதுவா பேசு. இப்பத்தான் தூங்கிச்சு."

அவன் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு நுனிக்காலில் உள்ளே போனான். வேட்டியைக் கவனிக்கத்தான் செய்தான். கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

பழம் இடதுபக்கம் உருண்டது. குழலைக் குட்டையாக்கினாள். பின்னால் சரிந்தது. கழுத்துப் பக்கம் கடுகைக் குறைத்தாள். சாயங்காலங்களில் ஜன்னல் வெளிச்சம் பழத்தின் மேல் விழும்போது அதற்குக் கன்னம்கூட இருப்பதாகத் தோன்றியது. ஒரு வழியாகப் பழம் அசையாமல் படுத்தது. வாசனை அடிக்கவும் தொடங்கிவிட்டது. மறுநாள் ரூபஸ் அதை நறுக்கி, வெல்லம் போட்டு ஜூஸாக்கிவிட்டான். தலையணை, நடுவில் ஒரு பள்ளத்தோடு, யாருக்கும் சொந்தமில்லாமல் பாயில் கிடந்தது.

மேனாம்பேட்டில் ஒரு வார ஜெபக்கூட்டம் முடித்து வந்த ஹில்டா, பையைக்கூட இறக்காமல் அதைப் பார்த்தாள். வேட்டிக் கரை ஓரமாகத் தெரிந்தது.

"இது ரூபஸு வேட்டியாச்சே."

"ஆமாத்தே."

"யாருக்கு?"

சாம்பிள் என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் போன பிள்ளைக்குத் தைத்தபோது இருந்த சந்தோஷத்தை அன்றிலிருந்து குற்றமாகவே சுமந்துகொண்டிருக்கிறோம் என்றும், அந்தக் குழந்தைக்குத் தான் ஆசையாகச் செய்தது அது ஒன்றுதான் என்றும் அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. வயிற்றில் இருப்பது விலாவோரம் ஓர் உதை விட்டது. இதற்கும் பயத்தை மட்டுமே கொடுப்பதா?

"என் புள்ளைக்கு," என்றாள் ஃபெபி. "பயமாத்தான் கீது அத்தே. ஆனாலும் என் புள்ளைக்குத்தான்."

ஹில்டா பையை இறக்கிவைத்தாள். மெல்லக் கால் மடக்கிப் பாயில் உட்கார்ந்து, தலையணையை எடுத்து மடியில் வைத்து, பள்ளத்தில் உள்ளங்கையைப் பதித்துப் பதித்துப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

"சின்னதா கீது," என்றாள் கடைசியில். "எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்குத் தலை பெருசு. இன்னும் ரெண்டு வெரக்கட உட்டுத் தை."