மீதி உள்ளே இருக்கு

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தை அவர் சட்டைக் கையால் துடைத்தார். மனைவியின் முகம் தெளிந்தது. சற்று நேரத்தில் மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தார்.

"மாமா, கையையாவது கழுவிட்டு வாங்க. ஒர்க்‌ஷாப்புல இருந்து வந்தது வந்தபடி நிக்கிறீங்க," என்றாள் மச்சினி.

பஸ் மெக்கானிக்கான அவர் காதில் அது ஏறவில்லை. அவர் மண்டைக்குள் ஒரு தொங்குபாலம் ஆடிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவி சொன்ன கதை. தபால் மூட்டையோடு ஒருத்தி பாலத்தின் நடுவில் நிற்கிறாள். ஒரு பக்கக் கயிறு அறுந்துவிட்டது.

"அப்புறம்?"

"மீதி உள்ளே இருக்கு. எடுத்துப் படிங்க."

பள்ளி நூலகத்தில் பிள்ளைகளிடம் பாதிக் கதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது அவள் சொல்கிற அதே வாசகம். அங்கே ஒரே ஒரு சட்டம்: முடிவை வெளியே சொன்னவர் ஒரு வாரம் உள்ளே வரக்கூடாது. "விளையாட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு இது தண்டனையா, லாட்டரியா?" என்று இவர் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு புத்தகத்தையும் தொடாமல், மறுநாள் நச்சரித்தே மீதியை வாங்கிவிடுவார். புருஷனுக்கு மட்டும் அந்தச் சலுகை.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பியவள் வாசற்படியில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

மதியம் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. சீருடைப் பிள்ளைகள். ஓரிடத்தில் நிற்காத வயசு; தெருமுனை வரை அசையாமல் நின்றார்கள். அரும்புமீசைக்காரன் ஒருவன் முதலில் பெட்டியருகே வந்தான்.

"தம்பி, அந்தத் தபால்காரி கதை படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன் சார்."

"அவ அக்கரை போய்ச் சேந்தாளா?"

பையனின் உதடு அசைந்தது. பெட்டியைப் பார்த்தான். தலை குனிந்தான்.

"சொல்லக்கூடாது சார்."

"டேய், பெரிய மனுஷன் கேக்குறாரு. இன்னிக்குமாடா சட்டம் பேசுவே?" என்றாள் மச்சினி.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாட்டேன் என்று தலையாட்டினான்.

அவர் வாசலுக்கே வந்துவிட்டார். "அந்தத் தபால்காரி என்ன ஆனா? யாருக்காச்சும் தெரியுமா?"

வகுப்பில் தூக்குவதுபோல ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தெருமுனை வரை கைகள். அழுதுகொண்டே தூக்கியவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூடப் பேசவில்லை.

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார், முதன்முதலாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

பிள்ளைகளில் ஒரு பெண் பைக்குள்ளிருந்து அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். ஓரமெல்லாம் நைந்து, நூலக முத்திரையோடு இருந்தது. வாங்கப் போனவர், தன் விரல்களைப் பார்த்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரும்மா."

பின்கட்டுக் குழாயடியில் சோப்பை எடுத்தார். பழைய பிரஷ்ஷால் விரல் விரலாகத் தேய்த்தார்.

"மாமா, வண்டி வந்துருச்சு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"வர்றேன்மா. நகக்கண்ணுல இன்னும் கிரீஸ் இருக்கு."

வாசலில் அந்தப் பெண் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். குழாய்த் தண்ணீர் கறுப்பாய் ஓடியது, பிறகு சாம்பலாய். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.